ரெசின் பரலில் என்ன இருக்கிறது?

முறைப்பாடு ஒரு கொப்பித் தாளில் வந்தது. பக்கத்து வளவில் போட் செய்கிறார்கள், பைபர் மணத்தில் பேரப்பிள்ளைக்குத் தலையிடி, காயப்போட்ட உடுப்பிலும் அதே மணம், மீன் பொரித்தாலும் அதே மணம். எழுதியவர் ஓர் அம்மம்மா. கடைசி வரி மட்டும் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது: "ஒரு புகைக்கூடாவது வைக்கச் சொல்லுங்க மிஸ்."

மட்டக்களப்பு மாவட்டத்தில் சுற்றாடல் உத்தியோகத்தராக வேலை செய்த காலத்தில் எனக்கு வந்த முறைப்பாடுகளில் பெரும்பாலானவை அரிசி ஆலைத் தூசியும் கோழிக்கூட்டு நாற்றமும் மர ஆலைச் சத்தமும்தான். அவற்றுக்கு வழி ஓரளவு தெரியும். இந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தேன். புகைக்கூடு வைக்கச் சொல்லலாம். ஆனால் அந்தப் பட்டறையில் எதுவுமே எரிவதில்லையே.

பிளாஸ்டிக் உற்பத்தியால் காற்று கெடுகிறது என்றால் நமக்கு எங்கோ தூரத்துப் பெரிய ஆலைகள்தான் மனதில் வரும். மட்டக்களப்பின் கடலோரப் பக்கமான எழுவான்கரையில் அப்படி ஒன்றும் இல்லை. ஆனால் பைபர் போட் என்பதும் பிளாஸ்டிக்தான். கடையில் வாங்கும் வாளி பிளாஸ்டிக்காகவே வருகிறது. பைபர் போட்டோ பரலில் ரெசின் என்ற பிசின் திரவமாக வந்து, கண்ணாடி நார் விரித்த அச்சின் மேல், நம் வளவுக்குள்ளேயே பிளாஸ்டிக்காக மாறுகிறது. 2004 சுனாமிக்குப் பிறகு இழந்த தோணிகளுக்குப் பதிலாக பைபர் போட்டுகள் வந்து குவிந்தன. அவற்றைச் செய்யவும் பழுது பார்க்கவும் கரையோரம் முழுக்கக் கொட்டில்கள் முளைத்தன. வாழைச்சேனையிலிருந்து ஒலுவில் வரை கரையோடு போனால் மூக்கே காட்டிக்கொடுக்கும்.

சரி, அந்த வளவுக்குப் போனேன். தகரக் கொட்டில், நடுவே கவிழ்த்த அச்சு, இரண்டு பொடியன்கள், வேலையை நடத்தும் மேஸ்திரியான ஒரு பாஸ். ரெசின் வாளிகள் மூன்று, மூடி ஒன்றுக்கும் இல்லை. பரலின் வாயிலும் மூடி இல்லை, ஒரு துணி செருகியிருந்தது. பாஸிடம் கேட்டேன், மணம் கூடுதலாக இருக்கிறதே என்று.

"மணமா? எனக்கு ஒண்டும் தெரியல்ல மிஸ். வந்த புதுசில தெரிஞ்சது."

அவர் பொய் சொல்லவில்லை. ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் என்ற திரவத்தின் மணம், காற்றின் பத்து இலட்சம் பங்கில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும்போதே புதியவருக்குத் தெரிந்துவிடும். நாள் முழுக்க அதற்குள் நிற்பவரின் மூக்கு பழகிப் போய்விடும். ஆக, மணம் பிடிக்கும் அம்மம்மா சுவாசிப்பது குறைவு. மணமே தெரியாத பாஸ் சுவாசிப்பதுதான் அதிகம். முறைப்பாடு எழுதுகிறவரோ எப்போதும் அம்மம்மாதான். என் வேலைக்காலம் முழுவதும் பட்டறைக்கு உள்ளே நிற்பவர் எழுதிய கடிதம் ஒன்றுகூட எனக்கு வந்ததில்லை.

பொலியெஸ்டர் ரெசினில் எடைப்படி 35 முதல் 45 வீதம் வரை ஸ்டைரீன் இருக்கும். இறுக வைக்கும் ஹார்ட்னர் சேர்ந்து இறுகும்போது பெரும்பகுதி பிளாஸ்டிக்கோடு பிணைந்துவிடும். மிச்சம் ஆவியாகிவிடும். எவ்வளவு? அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு கணக்கு வாய்ப்பாடு வைத்திருக்கிறார்கள். 40 வீதம் ஸ்டைரீன் உள்ள ரெசின் 100 கிலோவைக் கையால் பூசினால் ஏறக்குறைய 6 கிலோ காற்றுக்குப் போய்விடும். வெளித்தோலுக்கு அடிக்கும் ஜெல்கோட்டைத் துப்பாக்கியால் தெளித்தால் அதிலுள்ள ஸ்டைரீனில் பாதிக்குக் கிட்டப் பறந்துவிடும். அந்த 6 கிலோ முதலாளி காசு கொடுத்து வாங்கியது என்பதை முதலாளிகளுக்கு நினைவுபடுத்துவது என் வழக்கம். சுகாதாரம் பற்றிச் சொல்லும்போது காட்டாத அக்கறையை அப்போது காட்டுவார்கள்.

இந்த ஆவி காற்றைவிட மூன்றரை மடங்கு கனமானது. மேலே போகாது, நிலத்தோடு பரவும், குழியில் தேங்கும். கூரையில் ஓட்டை வைத்து அடித்த காற்றாடியால் பெரிய பயன் இல்லை. உறிஞ்சும் குழாய் தரையோரமாக இருக்க வேண்டும். மோசமான இடம் எது என்றால் போட்டின் வயிறு. உள்ளே இறங்கிக் குனிந்து பூசும் பொடியன் ஒரு சட்டிக்குள் தலையை விட்டிருப்பது போலத்தான்.

பிறகு ஒருநாள் பாஸின் வீட்டுக்காரி சொன்ன கதை இது. வேலை முடிந்து வந்தால் தலை கிறுகிறுக்கும், கண் சொருகும், சொன்னதைத் திரும்பத் திரும்பக் கேட்பார். "குடிச்சிப்போட்டு வாறார் எண்டு எத்தின நாள் சண்டை பிடிச்சிரிக்கன்." ஸ்டைரீன் மூளையில் செய்யும் வேலை உண்மையில் அப்படித்தான் இருக்கும்: மயக்கம், தலையிடி, தடுமாற்றம். நீண்ட காலத்தில் நிறங்களைப் பிரித்தறியும் பார்வை மங்கும். காதும் கெடும், அதுவும் கிரைண்டர் சத்தத்தோடு சேர்ந்தால் கூடுதலாக. 2018இல் புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகவரகம் இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று கருதத்தக்க 2ஏ பிரிவுக்கு உயர்த்தியது.

இனி சட்டம். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டமும் 1988 திருத்தமும்தான் அடிப்படை. பட்டியலிட்ட தொழில் எதையும் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் இல்லாமல் நடத்த முடியாது. பைபர் வேலையும் பிளாஸ்டிக் வேலையும் அந்தப் பட்டியலுக்குள் வரும். கடுமையான தொழிலுக்கு மத்திய சுற்றாடல் அதிகார சபையும், சிறியவற்றுக்கு உள்ளூராட்சி சபையும் அனுமதி கொடுக்கும். ஆனால் எண்களில்தான் ஓட்டை. 2008இல் திருத்திய வெளிக்காற்றுத் தரங்கள் நுண்துகள், நைதரசன் ஈரொக்சைட்டு, கந்தக ஈரொக்சைட்டு, ஓசோன், காபன் ஓரொக்சைட்டு ஆகியவற்றுக்கு வரம்பு சொல்கின்றன. ஸ்டைரீன் அதில் இல்லை. 2019இல் வந்த ஒழுங்குவிதிகள் நிலையான மூலங்களின் வெளியேற்றத்தை, அதாவது பெரும்பாலும் புகைபோக்கி வழியே போவதைக் கட்டுப்படுத்துகின்றன. நம் கொட்டிலிலோ வாளி வாயிலிருந்தும் தகர இடுக்கிலிருந்தும்தான் போகிறது. மதிலுக்கு உள்ளே நடப்பதைப் பார்ப்பது 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், அது தொழில் திணைக்களத்தின் பொறுப்பு. ஒரே ஆவியை மதிலுக்கு இந்தப் பக்கம் ஒரு அலுவலகமும் அந்தப் பக்கம் இன்னொரு அலுவலகமும் பார்க்கின்றன. இரண்டு கோப்புகளும் ஒரே மேசைக்கு வந்து நான் பார்த்ததில்லை.

இதனால்தான் அமெரிக்கா 2001இல் படகுக் கட்டுமானத்துக்கென்றே போட்ட விதி எனக்குப் பிடிக்கும். அது பெரிய பட்டறைகளுக்கானது, நம் கொட்டில்கள் அந்த அளவுக்குப் பக்கத்தில்கூட வராது. ஆனால் அது கேட்கும் கேள்வி சரியானது. எவ்வளவு புகை விட்டாய் என்று கேட்காமல், பரலில் என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்கிறது. ரெசினைப் பூந்தூறலாகத் தெளித்தால் அதில் ஸ்டைரீன் போன்ற அபாயகரமான பொருள் 28 வீதம் வரைதான் இருக்கலாம். தெளிக்காமல் பூசினால் 35 வீதம் வரை. நிற ஜெல்கோட்டுக்கு 33 வீதம். பல வகை ரெசின் பாவித்தால் சராசரி பார்க்கலாம். பெரிய கலவைப் பாத்திரங்களுக்கு மூடி கட்டாயம். இதைச் சோதிக்க ஆய்வுகூடம் வேண்டாம். கொள்வனவுச் சிட்டையும் ரெசினோடு வரும் பாதுகாப்புத் தரவுத் தாளும் போதும். ஒரு பிரதேச சபை உத்தியோகத்தர் மோட்டார் சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

"மிஸ், இதெல்லாம் செய்தா தொழில மூடத்தான் வேணும்" என்றார் முதலாளி. இந்த வசனம் மிகப் பழையது. 1974இல் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், லூயிவில் நகரத்து பீ.வீ.சி. ஆலையொன்றில் தொழிலாளர் பலர் மிக அரிய ஈரல் புற்றுநோயால் இறந்தது வெளியே வந்தது. காரணம் வைனைல் குளோரைட் வாயு. அதுவரை அனுமதித்த வரம்பு பத்து இலட்சத்தில் 500 பங்கு. புதிய வரம்பு 1 பங்கு. மூட வேண்டியதுதான் என்று தொழில்துறை சொன்னது. மூடவில்லை. கசிவை அடைத்தார்கள், போகும் வாயுவைப் பிடித்துத் திரும்பப் பாவித்தார்கள், உற்பத்தி தொடர்ந்தது. முதலாளிக்கு இந்தக் கதையைச் சொன்னேன். "அது அமெரிக்கா" என்றார். அதுவும் நியாயம்தான்.

பீ.வீ.சி. என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. பழைய பொலித்தீனை உருக்கிக் குறுணியாக்கும் ஓர் இடத்தைப் பற்றி, கண் எரிகிறது, கூரைத் தகரம் துருப்பிடிக்கிறது என்று அயலவர்கள் எழுதியிருந்தார்கள். கடற்கரையில் எந்தத் தகரம்தான் துருப்பிடிக்காது என்று உரிமையாளர் சிரித்தார். ஆனால் அந்தக் குவியலுக்குள் வயர் உறையும் பழைய குழாய்த் துண்டும் கிடந்தன. பொலித்தீன் உருகும் சூட்டில் பீ.வீ.சி. சிதைந்து ஐதரோகுளோரிக் அமில வாயுவை விடும். கண்ணுக்கும் தகரத்துக்கும் காரணம் உப்புக்காற்று மட்டும் இல்லை. ஒரு வாளித் தண்ணீரில் போட்டுப் பார்த்தோம். பொலித்தீன் மிதக்கும், பீ.வீ.சி. அமிழும். பெட் போத்தலும் அமிழும், அதையும் அங்கே உருக்கத் தேவையில்லை. அன்றிலிருந்து வாளியில் பிரித்தபின்தான் இயந்திரத்துக்குள் போகும் என்று எழுதி வாங்கினோம். கழிவை வளவில் கொளுத்துவதும் நிற்க வேண்டும் என்றோம். பிளாஸ்டிக்கைத் திறந்த வெளியில் எரிப்பதை 2017 செப்டெம்பர் வர்த்தமானியே தடை செய்திருக்கிறது.

போட் பட்டறைக்கு வருவோம். அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கும் சமயத்தில் நான் பரிந்துரைத்தவை பெரிய பொறியியல் எதுவும் இல்லை. வாளிக்கும் பரலுக்கும் மூடி. ஸ்டைரீன் குறைந்த ரெசின், விலை கொஞ்சம் கூட. ரெசினைத் தெளிக்காமல் உருளையால் பூசுவது. தரையோரம் உறிஞ்சும் காற்றாடி, அது காற்றை வெளியே விடும் வாய் அம்மம்மாவின் பக்கம் இல்லாமல் வாவிப் பக்கம். போட்டுக்குள் இறங்குபவருக்குக் கரி அடைத்த கார்ட்ரிட்ஜ் முகமூடி. நீல நிற ஆஸ்பத்திரி முகமூடி ஆவியைத் தடுக்காது, போட்டிருக்கிறோம் என்ற நிம்மதியை மட்டும் தரும். கார்ட்ரிட்ஜை இரவில் ஆணியில் தொங்கவிட்டால் அது சும்மா கிடந்தே ஆவியை உறிஞ்சி முடிந்துவிடும், பையில் போட்டு இறுக்கிக் கட்ட வேண்டும்.

கச்சான் காலத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மேற்கிலிருந்து அந்தச் சூட்டுக்காற்று அடிக்கும் மாதங்களில் ரெசின் கடகடவென்று இறுகும். பாஸ்மார் ஹார்ட்னரைக் குறைத்துச் சமாளிப்பார்கள். ஆனால் சூடு ஏற ஏற ஆவியாவதும் ஏறும். ஒரு தீப்பொறி பட்டாலே பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஸ்டைரீன் ஆவி விடத் தொடங்கும் வெப்பநிலை 31 பாகை அளவில்தான். நம் மத்தியான வெயில் அதைத் தாண்டிவிடும். அந்த நேரத்தில் பக்கத்தில் கிரைண்டர் ஓட்டுவது எனக்கு வயிற்றைக் கலக்கும். விடியப்புறம் பூசு, பின்னேரம் கிரைண்டர் ஓட்டு என்று நேரம் பிரித்துக் கொடுத்தோம். காற்று மாசோடு சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: ரெசின் விரைவாக இறுகச் சேர்க்கும் கோபால்ட் திரவத்தையும் ஹார்ட்னரையும் நேரடியாகக் கலக்கவே கூடாது, வெடிக்கும். ஒரே தட்டில் பக்கத்துப் பக்கத்தில் வைப்பதும் வேண்டாம்.

அயலவர்களுக்கு. "நாத்தம் தாங்க முடியல்ல" என்று மட்டும் எழுதினால் கோப்பு நகராது. எந்த நாள், எத்தனை மணி, காற்று எந்தப் பக்கம், அப்போது அங்கே என்ன வேலை நடந்தது என்று இரண்டு கிழமைக்குக் குறித்து வையுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்தப் பட்டறையின் அனுமதிப்பத்திரப் பிரதியைக் கேளுங்கள். அதில் நிபந்தனைகள் வரிவரியாக இருக்கும். எந்த வரி மீறப்படுகிறது என்று இலக்கம் போட்டு எழுதினால் உத்தியோகத்தர் தட்டிக்கழிப்பது கஷ்டம். நான் உத்தியோகத்தராக இருந்தவள், தெரிந்துதான் சொல்கிறேன். எதுவும் சரிவராவிட்டால் பொதுத் தொல்லை என்று நீதவான் நீதிமன்றத்துக்குப் போகவும் வழி உண்டு. அந்தக் கடிதத்தின் பிரதியொன்று தொழில் திணைக்களத்துக்கும் போகட்டும், உள்ளே நிற்பவருக்காக.

ஆறு மாதம் கழித்து அம்மம்மாவைப் பார்க்கப் போனேன். தேத்தண்ணி தந்தார். மணம் குறைந்திருக்கிறதா என்று கேட்டேன். "ஒரேயடியா இல்லாமப் போகல்ல மகள். ஜெல் அடிக்கிற நாளில வரும். முதல் நாளே பொடியன் வந்து சொல்லிப்போட்டுப் போவான், நான் பிள்ளையத் தங்கச்சி வீட்ட அனுப்பிருவன்."

ஜெல்கோட் தெளிக்கும்போது ஆவி வெளியே போகாமல் அடக்கும் மூடிய அறை ஒன்று இன்னும் அங்கே இல்லை. அடுத்த புதுப்பித்தலுக்கான என் குறிப்பில் முதல் வரியாக அதை எழுதிவிட்டு, இரண்டாவது வரியில் அந்த முன்னறிவிப்பையும் நிபந்தனையாகச் சேர்த்தேன்.