மின்மினியின் வயிற்றையும் ஒரு படம் எடுங்கள்

மின்மினிப் படம் அனுப்பி "இது எந்த வகை?" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் முதுகைத்தான் எடுத்திருப்பார்கள். முதுகை மட்டும் வைத்து வகை சொல்வது கஷ்டம். வயிறு தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

மின்மினி என்பது வண்டு. லாம்பைரிடே குடும்பத்தில் 2,000க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் உண்டு. ஆசியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் விட்டுவிட்டு மின்னுபவை பெரும்பாலும் லூசியோலினே துணைக்குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றைப் புரட்டிப் பாருங்கள். வயிற்றின் நுனிப்பக்கம் வெளிறிய பட்டை தெரியும், அதுதான் விளக்கு. ஆணுக்கு வயிற்றின் இரண்டு வளையங்களில் இருக்கும், பெண்ணுக்கு ஒன்றில்தான். அதற்கு மேல் சிற்றினம் வரை போக, ஆணின் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டியிருக்கும்.

இந்தக் கூட்டத்தில் லூசியோலா பேரினம் ரொம்ப காலம் கண்டதையும் போட்டுவைக்கும் பரணாகவே இருந்தது. ஆஸ்திரேலிய ஆய்வாளர் லெஸ்லி பாலன்டைனும் உடன் உழைத்தவர்களும் அதைப் பிரித்து அடுக்கி வருகிறார்கள். அப்ஸ்காண்டிடா என்ற பேரினம் 2013இல்தான் தனியானது.

பெயர் மாறினால் என்ன என்று கேட்கலாம். மின்மினியின் ஆயுளில் பெரும்பகுதி புழுவாகவே கழிகிறது, அந்தப் புழு வாழும் இடம் வகைக்கு வகை வேறு. அக்வாட்டிகா என்ற பேரினத்தின் புழு தண்ணீருக்குள் நத்தை தின்னும். அப்ஸ்காண்டிடா புழு தரையில் வளரும். தென்கிழக்காசிய அலையாத்தி ஆற்றோரங்களில் மரம் முழுக்க ஒரே தாளத்தில் மின்னும் டெரோப்டிக்ஸ் பேரினத்தின் புழுவுக்குக் கரையோர ஈரமண் வேண்டும். (இதில் பல சிற்றினங்களில் ஆணின் முன்சிறகு நுனி கீழ்நோக்கி மடங்கியிருக்கும், வெறுங்கண்ணுக்கே தெரியும்.) மின்னும் மரத்தை மட்டும் விட்டுவைத்துக் கரையை வழித்தெடுத்தால், அடுத்த தலைமுறை எங்கிருந்து வரும்?

வேறு ஊரிலிருந்து மின்மினி கொண்டுவந்து விடுவதும் எனக்கு உடன்பாடில்லை. ஜப்பானின் கென்ஜி மின்மினி ஒரே சிற்றினம்தான். ஆனால் மேற்கில் சுமார் 2 விநாடிக்கு ஒருமுறை மின்னும், கிழக்கில் 4 விநாடிக்கு ஒருமுறை. இரண்டையும் கலந்தால் அந்தந்த இடத்துக்கென்று இருந்த தனித்தன்மை கரைந்துவிடும்.

சரி, படம் எப்படி எடுப்பது? பூச்சியைக் கண்ணாடிப் பெட்டியில் விட்டு, அடியிலிருந்து வயிற்றை எடுங்கள். மின்னும்போது ஒரு நிமிடக் காணொளியும் எடுத்தால் இடைவெளியை எண்ணிவிடலாம். டார்ச் வேண்டுமானால் மங்கலான சிவப்பு வெளிச்சம் போதும். வேலை முடிந்ததும் பிடித்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.