கட்டுவிரியன் கடித்தால் இமை ஏன் முதலில் விழுகிறது?

மாரி பிடித்து வளவெல்லாம் வெள்ளம் நின்றால், யாழ்ப்பாணத்தில் கட்டுவிரியன் மேட்டிடம் தேடி வீட்டுக்குள் வரும். இரவில் திரியும் பாம்பு. கடிபடுபவர் பெரும்பாலும் நிலத்தில் பாய் போட்டுப் படுத்தவர். பல் மிகச் சின்னது. வீக்கமோ பெரிய நோவோ இல்லாததால், ஏதோ பூச்சி என்று திரும்பிப் படுத்துவிடுவார். விடியப்புறம் வயிற்றுநோ. பிறகு இமை தூக்க முடியாமல் சரியும்.

நஞ்சு தாக்குவது நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தை. காலொன்றை அசைக்க நினைத்தால் மூளையிலிருந்து கணத்தாக்கம் (நரம்பில் ஓடும் மின்துடிப்பு) முண்ணாண் (முதுகெலும்புக்குள் இருக்கும் நரம்புத் தண்டு) வழியே இறங்கி, அங்கே இயக்க நரம்புக்கலத்துக்குக் கைமாறும். அதன் இழை ஒரு மீற்றர் வரை நீண்டு காற்தசைக்குப் போகிறது. வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 50 மீற்றர். ஆனால் இழை தசையைத் தொடாது. இடையில் ஒரு மில்லிமீற்றரின் 20,000 இல் ஒரு பங்கு இடைவெளி. இழைமுனைக்குள் கல்சியம் புகுந்ததும், அங்கேயுள்ள நுண்குமிழ்கள் அசற்றைல்கோலின் என்ற செய்திகடத்தும் இரசாயனத்தை அந்த இடைவெளிக்குள் கொட்டும். அது எதிர்ப்பக்கத்தில் தசைமேலுள்ள ஏற்பிகளில் (அதைப் பிடித்துக்கொள்ளும் இடங்களில்) ஒட்ட, தசை சுருங்கும். வேலை முடிந்ததும் ஒரு நொதியம் அதைச் சிதைத்துவிடும். (தோட்டத்துக்கு அடிக்கும் சில பூச்சிமருந்துகள் முடக்குவது இந்த நொதியத்தைத்தான்.)

நாகத்தின் நஞ்சு தசைப்பக்க ஏற்பிகளை அடைக்கும். கட்டுவிரியனுடையது இன்னும் பொல்லாதது: இழைமுனையின் மென்சவ்வையே அரித்து, குமிழ்களைத் தீர்த்து, முனையை அழித்துவிடும். கண் தசைகளில் இந்தக் கைமாற்றத்துக்கு உள்ள உபரித்திறன் குறைவு என்பதால் இமைதான் முதலில் விழும். அடுத்து பார்வை இரண்டாகும், எச்சில் விழுங்க முடியாது, தலையணையிலிருந்து தலை எழும்பாது. கடைசியில் பிரிமென்றகடு (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையில் மூச்சிழுக்கும் தசை) நின்று மூச்சு அடங்கும்.

இவ்வளவுக்கும் மூளையில் பழுதில்லை. சுவாச இயந்திரத்தில் கிடப்பவர், மூச்சுத் தவறாமல் பிராணவாயு கிடைத்திருந்தால், பக்கத்தில் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். கண்மணி விரிந்து வெளிச்சத்துக்கு அசையாமல் நிற்பதும் நஞ்சின் வேலையாக இருக்கலாம். அதை வைத்து மூளை செத்துவிட்டதென்று முடிவுகட்டக் கூடாது.

விசமுறிவு மருந்து இரத்தத்தில் சுற்றும் நஞ்சைத்தான் பிடிக்கும். அழிந்த முனையைத் திருத்தாது. முனை திரும்ப வளர நாட்கணக்காகும், அதுவரை இயந்திரம் மூச்சு விட்டுக்கொடுக்க வேண்டும். ஆகவே பரிசாரியிடம் போய் மணிக்கணக்கில் மினக்கெட வேண்டாம். கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் உதவாது. மோதிரம், காப்பைக் கழற்றி, கடிபட்ட கைகாலை அசையாமல் வைத்து, தீவிர சிகிச்சைப் பிரிவுள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். பல் தடம் தெரியாவிட்டாலும் 24 மணித்தியாலம் அங்கேயே வைத்துப் பார்ப்பது நல்லது. நிலத்தில்தான் படுப்பதென்றால் நுளம்பு வலையின் ஓரத்தைப் பாய்க்குக் கீழே நன்றாகச் செருகிவிடுங்கள்.