சூடான நாட்டுக்குத் தடித்த ஒயிலா? ஸ்போர்ட்ஸ் கார் எஞ்சினுக்குள் நடப்பது

பஞ்சிகாவத்தையில் ஒயில் வாங்கப் போனாலும் சரி, வெள்ளவத்தையில் கராஜ் ஒன்றில் காரை விட்டாலும் சரி, ஓர் ஆலோசனை இலவசமாகவே கிடைக்கும்: “எங்கட நாடு சூடு. மெல்லிய ஒயில் தாங்காது, கொஞ்சம் தடிச்சதாப் போடுங்கோ.” பழைய டீசல் வானுக்கு இதனால் பெரிய கெடுதல் வராது. ஸ்போர்ட்ஸ் காருக்கோ இது பாதி சரி, பாதி பிழை.

முதலில் வெயிலைக் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம். கொழும்பில் பகல் வெப்பநிலை ஆண்டு முழுவதும் 30, 32 பாகை செல்சியஸை அண்டியே நிற்கிறது. எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீரை 90 பாகையளவில் தேர்மொஸ்டாட் பிடித்து வைக்கிறது. சாதாரண ஓட்டத்தில் ஒயில் 90 முதல் 110 பாகைக்குள் இருக்கும். லண்டனின் 10 பாகைக் காற்றிலும் ஏறக்குறைய இதே கதைதான். ஒயிலைச் சூடாக்குவது எஞ்சின் சுமக்கும் சுமை: பெயாரிங்குகளுக்குள் அரைபடுவது, பிஸ்டனின் அடியில் பீச்சப்படுவது, டர்போவுக்குள் போய்வருவது. கட்டுகுருந்தவிலோ பன்னலவிலோ ஓட்டப்பாதையில் தொடர்ந்து நிமிடத்துக்கு 6,000, 7,000 சுற்றுகளில் வைத்து ஓட்டினால், ஒயில் கூலர் இல்லாத காரில் 130 பாகையைத் தாண்டுவது அரிதல்ல.

அந்த உயர்வு ஒயிலை என்ன செய்கிறது என்று பார்க்க ஓர் எண் போதும். வழக்கமான 5டபிள்யூ-40 ஒயிலின் பிசுக்குமை, அதாவது தடிப்பு, 100 பாகையில் 14 சென்டிஸ்டோக் (பிசுக்குமையின் அலகு) அளவு. பெயரில் பின்னால் வரும் 40, சூட்டில் ஒயிலின் தடிப்பைச் சொல்லும் தரம். அதே ஒயில் 125 பாகையில் எட்டரைக்கு இறங்கிவிடும். 100 பாகையில் எட்டரை என்பது 20 தர ஒயிலின் பிசுக்குமை. அதாவது, 25 பாகை கூடுதலாகச் சூடாகும் எஞ்சினுக்குள் 40 தர ஒயில் 20 தர ஒயிலாகவே நடந்துகொள்கிறது. தடித்த ஒயில் தேவைப்படும் இடம் இதுதான். காலி வீதி நெரிசல் அந்த இடமல்ல. தெற்கு அதிவேகப் பாதையும் அல்ல. 100 கிலோமீற்றர் சட்ட எல்லைக்குள் ஓடும்போது இருநூறு, முந்நூறு குதிரைவலு எஞ்சின் ஓய்வெடுக்கிறது என்றே சொல்லலாம்.

கேனில் இருக்கும் இரண்டு எண்களில் டபிள்யூவுக்கு முன்னால் வருவது குளிருக்கானது. 5டபிள்யூ என்றால் −30 பாகையிலும் ஸ்டார்ட்டர் மோட்டாரால் எஞ்சினைச் சுழற்ற முடியும். 10டபிள்யூ என்றால் −25, 15டபிள்யூ என்றால் −20. நுவரெலியாவில் உறைபனி விழும் தை மாத விடியலிலும் இந்த வேறுபாடு வெளியே தெரியாது. ஆகவே கொழும்பில் 0வா 5வா 10வா என்று தலையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை. கவனிக்க வேண்டியது முன்னெண்ணுக்கும் பின்னெண்ணுக்கும் உள்ள இடைவெளி. அது கூடக்கூட, சூட்டில் ஒயில் இளகிப்போகாமல் பிடித்துவைக்கும் பல்பகுதியச் சேர்க்கை (பொலிமர்) அதிகம் தேவைப்படும். மலிவான அடி ஒயிலில் (சேர்க்கைகள் கலக்கும் முன் உள்ள மூல ஒயில்) இதைத் தாராளமாகக் கலந்து தரத்தை எட்டியிருந்தால், செயினுக்கும் பற்சில்லுகளுக்கும் இடையில் அந்த நீண்ட மூலக்கூறுகள் அறுந்து, 40 என்று ஊற்றியது சில ஆயிரம் கிலோமீற்றரில் 30 ஆகிவிடும். பொலிஅல்பாஓலெபின், எஸ்டர் போன்ற நல்ல அடி ஒயில்களுக்கு இந்த ஊன்றுகோல் குறைவாகவே தேவை. ‘முழு செயற்கை’ என்ற சொல்லை நம்பி இதைத் தீர்மானிக்கவும் முடியாது; கனிம எண்ணெயை ஐதரசன் கொண்டு கடுமையாகச் சுத்திகரித்த மூன்றாம் வகை அடி ஒயிலும் பெரும்பாலான நாடுகளில் அந்தப் பெயரிலேயே விற்கப்படுகிறது.

சரி, தடித்ததைப் போட்டால் என்னதான் குறைந்துவிடும்? காலையில் கார் ஸ்டார்ட் ஆகும்போது ஒயில் 28, 30 பாகையில் இருக்கும். எங்களுக்கு அது சூடு. 100 பாகைக்கு வடிவமைக்கப்பட்ட எஞ்சினுக்கு அதுவே குளிர். அந்த வெப்பநிலையில் 5டபிள்யூ-40 ஏறத்தாழ 130 சென்டிஸ்டோக், அதாவது வேலை செய்ய வேண்டிய பிசுக்குமையின் ஒன்பது மடங்கு. கனிம 20டபிள்யூ-50 ஆனால் 250ஐயும் தாண்டும். பம்ப் அதைத் தள்ளும்போது அமுக்கம் மளமளவென ஏறி, அமுக்கத் தளர்வு வால்வு திறந்து, ஒயிலின் ஒரு பகுதி மேலே போகாமலே சம்புக்கு, அதாவது எஞ்சினின் அடியிலுள்ள ஒயில் தொட்டிக்கு, திரும்பிவிடும். டேஷ்போர்டில் அமுக்க முள் உயரத்தில் நிற்பதைப் பார்த்து மனம் குளிரும். ஆனால் முள் காட்டுவது ஒயில் நகர மறுப்பதை. பெயாரிங்குக்கு எத்தனை ஒயில் போய்ச் சேர்கிறது என்பதை அது சொல்லாது. வால்வு நேரத்தை ஒயில் அமுக்கத்தால் மாற்றும் இன்றைய எஞ்சின்களில் அந்த ஒயிலைத் திறந்து மூடும் சோலெனாய்டுகள் (மின்காந்த வால்வுகள்) மந்தமாகி, எச்சரிக்கை விளக்கு எரிவதும் உண்டு.

பெயாரிங்கை உண்மையில் காப்பாற்றும் எண் கேனின் முன்பக்கத்தில் அச்சிடப்படுவதில்லை. கிராங்க் தண்டுக்கும் பெயாரிங்குக்கும் இடைவெளி 0.02 முதல் 0.05 மில்லிமீற்றர் வரை. வெடிப்பின் சுமை இறங்கும் கணத்தில் இடையிலுள்ள ஒயில் படலம் ஒரு மைக்ரோமீற்றர் அளவுக்கு மெலிகிறது. அந்த இடுக்கில் ஒயிலின் ஓர் அடுக்கு அடுத்த அடுக்கின் மேல் அசுர வேகத்தில் வழுக்குகிறது. பல்பகுதிய மூலக்கூறுகள் ஓட்டத்தின் திசையில் நீண்டு படுத்துவிடுவதால் பிசுக்குமை தற்காலிகமாக மேலும் சரிகிறது. இதே நிலையைச் சோதனையில் உருவாக்கி, 150 பாகையில், செக்கனுக்குப் பத்து இலட்சம் என்ற வழுக்கல் வீதத்தில் அளக்கும் பிசுக்குமைதான் எச்.டி.எச்.எஸ். (உயர் வெப்பம், உயர் வழுக்கல்) பெறுமானம். ஒயில் தர எண்களை வரையறுக்கும் அமெரிக்கப் பொறியியலாளர் அமைப்பான எஸ்.ஏ.ஈ.யின் தரப்படி 20க்கு இதன் கீழெல்லை 2.6 மில்லிபஸ்கால்-செக்கன், 30க்கு 2.9, 0, 5, 10டபிள்யூ-40களுக்கு 3.5, 50க்கும் 60க்கும் 3.7.

கடைசி வரியைத் திரும்பப் பாருங்கள். 50க்கும் 60க்கும் ஒரே எல்லைதான். 60 என்ற எண் மட்டும் பெயாரிங்குக்குக் கூடுதல் உத்தரவாதம் எதையும் தரவில்லை.

இன்னொரு பொறி 5டபிள்யூ-30இல் இருக்கிறது. ஒரே தட்டில் இரண்டு 5டபிள்யூ-30 கேன்கள் நிற்கலாம். ஒன்று எரிபொருள் சிக்கனத்துக்காகச் செய்யப்பட்ட ஜப்பானிய, அமெரிக்க வகை, அதன் எச்.டி.எச்.எஸ். மூன்றை ஒட்டி இருக்கும். மற்றது ஐரோப்பிய வாகன உற்பத்தியாளர் சங்கமான ஏ.சி.ஈ.ஏ.யின் சி3 வகை, அதற்கு 3.5க்குக் குறையக் கூடாது. முன்பக்கத்தில் எழுதியிருப்பது ஒன்றே, வேகமாக ஓடும் எஞ்சினுக்குள் இரண்டும் வெவ்வேறு ஒயில்கள். ஐரோப்பிய ஸ்போர்ட்ஸ் காருக்கு முதல் வகையை ஊற்றுவதுதான் கொழும்பில் எளிதில் நடக்கும் தவறு. எண் பொருந்துவதால் யாரும் சந்தேகிப்பதில்லை.

அதனால் கேனைப் பின்பக்கம் திருப்பி வாசிக்க வேண்டும். போர்ஷே ஏ40 என்று இருந்தால் அது 0டபிள்யூ-40 அல்லது 5டபிள்யூ-40, எச்.டி.எச்.எஸ். 3.5க்கு மேல், போர்ஷே தன் எஞ்சினில் சோதித்து அனுமதித்தது. பி.எம்.டபிள்யூ. எல்.எல்.-01, மெர்சிடிஸ் 229.5 என்பனவும் இந்த வகை அனுமதிகளே. ‘அங்கீகாரம் பெற்றது’ என்பதும் ‘பயன்படுத்த ஏற்றது’ என்பதும் ஒன்றல்ல. பின்னது ஒயில் கம்பனி தானாகச் சொல்லிக்கொள்வது. ‘ரேசிங்’ என்ற சொல்லுக்கோ எந்த வரையறையும் கிடையாது. உண்மையான பந்தய ஒயில்களில் அழுக்ககற்றிச் சேர்க்கை குறைவாக இருக்கும். ஒரு பந்தயத்துக்குப் பின் வடித்து ஊற்றுவார்கள் என்ற எண்ணத்தில் செய்யப்பட்டவை அவை, ஆறு மாதம் வீதியில் ஓடுவதற்கல்ல.

சில கார்களைப் பெயர் சொல்லியே பேசலாம். நிசான் ஜி.டி.-ஆர் ஆர்35 தொழிற்சாலையிலிருந்து 0டபிள்யூ-40உடன் வந்தது. பி.எம்.டபிள்யூ. ஈ46 எம்3இன் எஸ்54 எஞ்சினுக்கு 10டபிள்யூ-60. அந்த எஞ்சினின் இடைவெளிகளுக்கும் 8,000 சுற்றுக்கும் அது பொருந்துகிறது என்பதற்காக மற்ற பி.எம்.டபிள்யூ.க்களுக்கும் அதை ஊற்றக் கூடாது. டொயோட்டா ஜி.டி.86, சுபாரு பி.ஆர்.இசட் இரண்டுக்கும் மனுவலில் 0டபிள்யூ-20. கொழும்புக்குள் ஓட அதுவே போதும். ஓட்டப்பாதைக்கோ மலையேற்றப் போட்டிக்கோ போவதென்றால் எச்.டி.எச்.எஸ். 3.5 உள்ள 5டபிள்யூ-30க்கு ஏறுவது நியாயம். மஸ்டா ஆர்.எக்ஸ்.-8 தனி இனம். அதன் சுழலி எஞ்சின், சுழலியின் முனைகளிலுள்ள சீல்களை வழவழப்பாக வைக்க ஒயிலை வேண்டுமென்றே எரிதல் அறைக்குள் செலுத்துகிறது. ஒயில் குறைவது கோளாறல்ல, அளக்காமல் விடுவதே கோளாறு. பெற்றோல் அடிக்கும் ஒவ்வொரு இரண்டாம் தடவையும் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். ஜப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன் கார்களில் மனுவல் ஜப்பானிய மொழியில்தான் இருக்கும், ஆனாலும் 0டபிள்யூ-20 போன்ற குறியீடும் லீற்றர் அளவும் எந்த மொழி வரிகளுக்கு நடுவிலும் கண்ணில் படும். ஒயில் மூடியிலும் பல கார்களில் பொறித்திருக்கும்.

இனிக் கொழும்பின் உண்மையான எதிரிக்கு வருவோம். பம்பலப்பிட்டியிலிருந்து கோட்டைக்குப் போய், மாலையில் அதே நெரிசலில் திரும்பும் காரில் ஒயில் சூட்டால் சாவதில்லை. சூடு போதாமல்தான் கெடுகிறது. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர் உண்டாகும். பெரும்பகுதி புகைக்குழாயால் போனாலும் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி ஒரு சிறு பங்கு சம்புக்குள் இறங்குகிறது. அதோடு எரியாத பெற்றோலும் இறங்குகிறது. எரிபொருளை நேரடியாக அறைக்குள் பீச்சும் எஞ்சின்களில் இது அதிகம். ஒயில் 90 பாகைக்கு மேல் இருபது, முப்பது நிமிடம் நின்றால் இரண்டும் ஆவியாகிப் போய்விடும். தண்ணீர் 90 பாகையைத் தொட்ட பின்னும் ஒயில் அங்கே வந்து சேரக் கணிசமான நேரம் பிடிக்கும். பத்து நிமிட ஓட்டத்தில் அது வந்து சேர்வதே இல்லை. டிப்ஸ்டிக்கில் பெற்றோல் மணம் அடித்தால், அல்லது ஒயில் மட்டம் குறைவதற்குப் பதிலாக ஏறினால் இதுதான் நடக்கிறது. 40 தர ஒயில் பெற்றோல் கலந்து 30 ஆகியிருக்கும். மூடியின் உட்புறம் மட்டும் பால் நிறப் பசை படிந்தால் ஈரம். டிப்ஸ்டிக்கிலும் அதே நிறம் தெரிந்து, கூலன்ட் மட்டமும் குறைந்தால் ஹெட் கஸ்கட்டைச் சந்தேகியுங்கள். வாரத்துக்கு ஒரு முறை கொட்டாவையில் ஏறி வெலிப்பன்ன வரை அரை மணி நேரம் சீராக ஓடிவருவது எந்தச் சேர்க்கைப் போத்தலையும்விட ஒயிலுக்கு நல்லது.

மீற்றரும் இங்கே ஏமாற்றும். மணிக்கு 15 கிலோமீற்றர் சராசரியில் 5,000 கிலோமீற்றர் போன எஞ்சின் 333 மணி நேரம் ஓடியிருக்கிறது. 50 கிலோமீற்றர் சராசரியில் போனது 100 மணி நேரம்தான். ஐரோப்பிய மனுவல்களில் உள்ள நீண்ட இடைவெளிகளைக் கொழும்பு நெரிசலுக்கு அப்படியே எடுக்கக் கூடாது. டர்போ ஸ்போர்ட்ஸ் காருக்கு 5,000 கிலோமீற்றர் அல்லது ஆறு மாதம், எது முந்துகிறதோ அது. டர்போ இல்லாததற்கு 7,000 வரை போகலாம்.

சிறிய டர்போ எஞ்சின்களில் இன்னொரு ஆபத்து உண்டு. 1,500க்கும் 2,500க்கும் இடைப்பட்ட சுற்றில், பெரிய கியரிலேயே அக்ஸிலரேட்டரை அழுத்தினால், வளையங்களின் அருகே தேங்கிய ஒயிலும் பெற்றோலும் கலந்த துளிகள் தீப்பொறிக்கு முந்தியே பற்றிக்கொள்கின்றன. பிஸ்டனில் வளையம் உட்காரும் விளிம்பு உடைந்துபோக ஒரு வெடிப்பே போதும். ஒயிலில் கல்சிய அழுக்ககற்றி கூடினால் இது கூடுகிறது, ஒரு பகுதியை மகனீசியத்தால் மாற்றினால் குறைகிறது. 2020இல் வந்த ஏ.பி.ஐ. (அமெரிக்கப் பெற்றோலிய நிறுவனம்) எஸ்.பி. தரம் இதற்கான சோதனையையும் செயின் தேய்வுச் சோதனையையும் கட்டாயமாக்கியது. கேனில் அதற்கு முந்திய எஸ்.என். தரம் மட்டும் இருந்தால், அது நல்ல ஒயிலாகவே இருந்தாலும், நேரடி உட்செலுத்தல் டர்போ காருக்கு வாங்காதீர்கள்.

வாங்கும்போது மூடி வளையம் அறுபடாமல் இருக்கிறதா, போத்தலில் தொகுதி எண் தெளிவாக அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வெறும் கேனைக் கராஜில் விட்டுவராமல் வெட்டிப் போடுங்கள். போலி ஒயிலை நிரப்பி விற்பவர்களுக்கு அதுதான் மூலப்பொருள்.

மாற்றும் வேலையில் எஞ்சின் இளஞ்சூட்டில் இருக்க வேண்டும், கொதிக்கக் கூடாது. சம்ப் நட்டைக் கழற்றி 15 நிமிடம் வடியவிட்டு, புதிய வொஷர் போட்டு, மனுவல் சொல்லும் முறுக்கத்துக்கு இறுக்குங்கள். அலுமினிய சம்பில் கண்மூடித்தனமாக இறுக்கினால் புரி கழன்றுவிடும். பழைய பில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினில் ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பது முக்கியம். இரண்டு வளையம் சேர்ந்தால் முதல் வேகத்திலேயே ஒயில் முழுவதும் வீதிக்குப் போய்விடும். புதிய வளையத்தில் ஒயில் தடவி, தொட்ட பின் முக்கால் சுற்றுக் கையால் இறுக்கினால் போதும். மனுவல் சொல்லும் அளவில் அரை லீற்றர் குறைத்து ஊற்றி, எஞ்சினை ஒரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, ஐந்து நிமிடம் பொறுத்து, மட்டத்தைப் பார்த்துப் பார்த்து நிரப்புங்கள். ஓட்டப்பாதைக்குப் போகும் காரில் மட்டம் மேல் கோட்டைத் தொட்டே இருக்க வேண்டும். நீண்ட வளைவில் ஒயில் ஒருபுறம் ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சினால் எந்தத் தர ஒயிலும் பெயாரிங்கைக் காப்பாற்றாது. கோட்டைத் தாண்டியும் ஊற்றாதீர்கள், கிராங்க் தண்டு அடித்து நுரைக்க வைக்கும். ஒயிலைத் தனித் தொட்டியில் வைக்கும் உலர் சம்ப் கார்களில் அளக்கும் முறையே வேறு. சிலவற்றில் எஞ்சின் சூடாக, ஐடிலில் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் அளக்க வேண்டும். நிறுத்திவிட்டுப் பார்த்துக் குறைவென்று எண்ணி ஒரு லீற்றர் கூடுதலாக ஊற்றிவிடுவது அந்தக் கார்களில் அடிக்கடி நடப்பது.