எடுத்த இடம் தெரியாத புதைபடிவம்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் குளம் தூர்வாரும்போதோ கிணறு வெட்டும்போதோ உருண்டைக் கற்கள் வெளிப்பட்டால், அன்று மாலைக்குள் அவை டைனோசர் முட்டைகளாகி வாட்ஸ்அப்பில் வலம்வரத் தொடங்கிவிடும். 2020 அக்டோபரில் குன்னத்தில் கிடைத்த கற்களுக்கும் இதுவே நேர்ந்தது. நிலவியலாளர்கள் பார்த்துவிட்டு, அவை முட்டைகள் அல்ல, அம்மோனைட் என்னும் அழிந்துபோன கடலுயிரின் படிவுகளோடு சேர்ந்த உருண்டைகள் என்று விளக்கினார்கள். செய்தி பரவிய அளவுக்கு விளக்கம் பரவவில்லை.

இதுபோன்ற படங்கள் எனக்கும் அடிக்கடி வருகின்றன. முட்டையாக இருந்தால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள ஓடு இருக்க வேண்டும். அதை மெல்லிய சீவலாகத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தால் காற்று புகும் துளைகளும் சுண்ணாம்புக் கனிமமான கால்சைட்டின் ஒழுங்கான படிகங்களும் தெரிய வேண்டும். கனிமம் திரண்டு உருவான உருண்டையில் ஓடு என்று ஒன்று இருக்காது. அளவும் கோலிக்குண்டு முதல் பூசணிக்காய் வரை கலந்திருக்கும். ஆனால் நுண்ணோக்கியைத் தொடுவதற்கு முன்பே நான் கேட்கும் கேள்வி வேறு: கல் எந்த மண்ணில் இருந்தது? டைனோசர்கள் தரையில் முட்டையிட்டவை. டைனோசர்கள் வாழ்ந்த கடைசிக் கட்டமான கிரெட்டேசியஸ் காலத்தில் கடலுக்கு அடியில் படிந்த களிமண்ணிலிருந்து வந்த கல் என்றால், முட்டை என்னும் பேச்சு பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும்.

புதைபடிவத்தைப் பற்றிப் பொதுமக்களுக்கு நான் சொல்ல விரும்புவதும் இதைத்தான். கல்லாகிப்போன உடல் பாதிச் செய்திதான். அது எந்த அடுக்கில், எந்த நிலையில், எவற்றோடு சேர்ந்து கிடந்தது என்பது மறுபாதி. பொறுக்கிக்கொண்டு போய்விட்டால் அந்த மறுபாதி திரும்பக் கிடைக்காது.

காரை கிராமத்தையொட்டி மழைநீர் அரித்துச் செதுக்கிய களிமண் ஓடைகளில் அம்மோனைட்டுகளும் பெலம்னைட்டுகளும் கிடைக்கின்றன. இரண்டுமே கணவாய், ஆக்டோபஸ் ஆகியவற்றுக்கு உறவான, இன்று முற்றிலும் அழிந்துபோன கடலுயிர்கள். அம்மோனைட் இனங்கள் விரைவாகத் தோன்றி விரைவாக மறைந்தவை, கடல் வழியே வெகுதூரம் பரவியவை. ஆதலால் ஓர் அடுக்கில் இன்ன இனம் இருக்கிறது என்று உறுதியானால், உலகின் வேறொரு மூலையில் அதே இனம் உள்ள அடுக்கோடு அதை ஒப்பிட்டு வயதை நெருங்கிவிடலாம். 19ஆம் நூற்றாண்டில் தொல்லுயிர் ஆய்வாளர்களான ஸ்டோலிச்காவும் அவருக்குப் பின் கோஸ்மாட்டும் திருச்சிராப்பள்ளிப் பகுதியின் இந்தச் சிற்றுயிர்களைப் பொறுமையாக விவரித்து வைத்ததால்தான், எங்கள் வட்டாரத்துப் பாறைகள் உலகக் கால அட்டவணையில் இடம் பெற்றன.

துப்பாக்கித் தோட்டா வடிவிலுள்ள பெலம்னைட் இன்னும் சுவையானது. அதைக் குறுக்கே வெட்டினால் வளர்ச்சி வளையங்கள் தெரியும். குளிர்ந்த நீரில் உருவாகும் கால்சைட்டில் ஆக்சிஜனின் கனமான வகையான ஆக்சிஜன்-18இன் விகிதம் சற்றுக் கூடும். வெப்பம் ஏறினால் குறையும். நோபல் பரிசு பெற்ற வேதியியலாளர் ஹெரால்ட் யூரியும் அவருடைய குழுவினரும் 1951இல் வெளியிட்ட ஆய்வில், ஜுராசிக் காலத்துப் பெலம்னைட் ஒன்றின் வளையங்களைச் சுரண்டி அளந்து, அது ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் வாழ்ந்து ஒரு வசந்தகாலத்தில் இறந்தது என்று காட்டினார்கள். விரல் நீளக் கல் ஒன்றிலிருந்து கடல்நீரின் வெப்பம், பருவமாற்றம், ஓர் உயிரின் ஆயுள் ஆகிய மூன்றும் கிடைத்தன. பிற்காலத்து நிலத்தடி நீர் அந்தக் கால்சைட்டை மாற்றியிருந்தால் கணக்குத் தவறும் என்பதால், மாங்கனீஸ் அளவு போன்றவற்றைப் பார்த்த பிறகே இத்தகைய முடிவுகளை நம்புகிறோம்.

அரியலூர் சிமெண்ட் ஆலைகளுக்குப் போகும் கள்ளங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் கிரைஃபியா என்னும் தடித்த சிப்பிகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. இரு மூடிகளும் சேர்ந்தே இருக்கும் சிப்பி, பெரும்பாலும் இறந்தவுடன் மூடப்பட்டது. மூடிகள் பிரிந்து, உடைந்து, ஒரே பக்கமாகக் கவிழ்ந்து கிடந்தால் நீரோட்டமோ அலையோ அவற்றைப் புரட்டியிருக்கிறது. ஓட்டில் சாய்வான விளிம்போடு வட்டத் துளை தென்பட்டால், துளையிட்டு உண்ணும் நத்தை ஒன்று அதைக் கொன்றிருக்கிறது. இவை அனைத்தும் சுரங்கத்தின் சுவரில் படிக்கக் கிடைக்கும். சட்டைப்பைக்குள் வந்த ஒற்றைச் சிப்பியில் பெரும்பகுதி காணாமற்போயிருக்கும். சாத்தனூர் கல்மரத்தையும் இப்படித்தான் படிக்க வேண்டும். 1940இல் நிலவியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் பதிவுசெய்த, 18 மீட்டர் நீளமுள்ள அந்த அடிமரம் கடற்படிவுகளுக்கு இடையே கிடக்கிறது. அது வளர்ந்த இடம் அதுவன்று. கரையிலிருந்து மிதந்து வந்து மூழ்கிய மரம் அது.

குஜராத்தின் தோலி டுங்ரியில் 1980களில் கிடைத்த ஒரு பாறைத்துண்டு இதற்கு மிகச் சிறந்த சான்று. டைனோசர் முட்டைகளும் சில எலும்புகளும் அதில் இருந்தன. எலும்புகள் அனைத்தும் குஞ்சுடையவை என்றே முதலில் கருதப்பட்டது. பல ஆண்டுகளுக்குப் பிறகு மறுபடி பார்த்தபோது, அவற்றில் பெரும்பாலானவை ஏறக்குறைய 3.5 மீட்டர் நீளமுள்ள பாம்பு ஒன்றின் முள்ளெலும்புகள் என்று தெரிந்தது. நொறுங்கிய முட்டையைச் சுற்றிச் சுருண்டிருந்த அந்தப் பாம்புக்கு 2010இல் சனஜே என்று பெயரிட்டார்கள். முட்டையைத் தனியாகவும் எலும்பைத் தனியாகவும் பெயர்த்து எடுத்திருந்தால், டைனோசர் கூட்டுக்குள் பாம்பு நுழைந்ததை எவரும் அறிந்திருக்க முடியாது.

அழகில்லாத பொருளை அலட்சியப்படுத்துவதும் கூடாது. மகாராஷ்டிரத்தின் பிஸ்துராவில் கிடைத்த கல்லாகிய சாணத்தில் புல்லின் நுண்ணிய சிலிக்காத் துகள்கள் இருப்பதை இந்திய ஆய்வாளர்கள் அடங்கிய குழு ஒன்று 2005இல் வெளியிட்டது. டைனோசர்கள் வாழ்ந்த காலத்திலேயே பல வகைப் புற்கள் தோன்றிவிட்டன என்பதற்கு அதற்கு முன் இவ்வளவு தெளிவான ஆதாரம் இருந்ததில்லை. காட்சிப்பெட்டியில் யாரும் நின்று பார்க்காத பொருள்தான் அது.

இழந்ததற்கும் நம் அரியலூர் மாவட்டத்திலேயே எடுத்துக்காட்டு உண்டு. கல்லமேட்டிலிருந்து 1987இல் விவரிக்கப்பட்ட பிருஹத்காயோசாரஸ் என்னும் டைனோசரின் கால் எலும்பு ஒன்று 2 மீட்டர் நீளம் என்று பதிவாகியிருக்கிறது. உலகின் மிகப் பெரிய நிலவாழ் விலங்குகளுள் ஒன்றாக அது இருந்திருக்கலாம். ஈரத்தில் ஊறிப் பொடியும் தன்மையுள்ள அந்த எலும்புகள் உதிர்ந்தே போய்விட்டதால், இன்று மிஞ்சியிருப்பவை படங்களும் வரைபடங்களும் மட்டுமே. விவாதமும் அவற்றை வைத்தே நடக்கிறது.

ஆகவே வயலிலோ ஓடையிலோ ஏதேனும் கண்ணில் பட்டால், முதலில் இருந்த இடத்திலேயே வைத்துப் படம் எடுங்கள். அளவு தெரிய அருகில் ஒரு நாணயமோ பேனாவோ இருக்கட்டும். கல்லை மட்டும் நெருங்கி ஒரு படம், சுற்றியுள்ள மண் அடுக்குகள் தெரியும்படி சற்று விலகி ஒரு படம் போதும். கைபேசியின் இருப்பிடப் பதிவைச் சேமித்து, அருகிலுள்ள கல்லூரியின் நிலவியல் துறைக்கோ இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்கோ அனுப்புங்கள். மழையில் அடித்துச் செல்லப்படும் என்ற நிலை வந்து எடுத்தே ஆக வேண்டுமானால், ஒட்டியிருக்கும் மண்ணோடு எடுத்துக் காகிதத்தில் சுற்றி, இடமும் தேதியும் எழுதி வையுங்கள். பளபளப்புக்காக அமிலத்தில் கழுவுவதையும் வார்னிஷ் பூசுவதையும் அறவே தவிர்க்க வேண்டும்: அமிலம் கால்சைட்டைக் கரைத்து வளர்ச்சி வளையங்களைத் தின்றுவிடும், வார்னிஷ் துளைகளுக்குள் இறங்கி வேதியியல் அளவீடுகளைக் குழப்பிவிடும்.