பெடிகிரி என்றால் கொடிவழி

சென்னையில் 'பெடிகிரி' என்று சொன்னால் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது கடை வாசலில் சரம் சரமாகத் தொங்கும் நாய்த்தீனி பாக்கெட். அது ஒரு கம்பெனி தன் சரக்குக்கு வைத்துக்கொண்ட பெயர். சொல் அதைவிட ரொம்பப் பழசு. ஆங்கிலத்தில் 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது, அப்போது மனிதக் குடும்பங்களில் யார் யாருக்குப் பிறந்தவர் என்று வரைந்து வைத்த பட்டியலுக்குத்தான் அந்தப் பெயர். மூலம் நார்மன் பிரெஞ்சு: 'பியே த க்ரூ', அதாவது நாரையின் கால். ஒரு பெயரிலிருந்து பிள்ளைகளின் பெயர்களுக்குக் கோடு பிரித்து இழுத்தால் பறவை நடந்த தடம் போலத் தெரியும், அதனால் வந்த பெயர் என்று அகராதிகள் சொல்கின்றன.

தமிழில் இதற்குப் புதுச்சொல் எதுவும் உருவாக்க வேண்டாம். கால்வழி, கொடிவழி என்று இரண்டு சொற்கள் கையிலேயே இருக்கின்றன. வம்சாவளியும் இருக்கிறது, அது வடசொல், எல்லோருக்கும் புரியும். என் ஓட்டு கொடிவழிக்கு. 'சோழர் கொடிவழி' என்று வரலாற்றில் படித்துப் பழகியதுதான், கூடவே 'சான்று' சேர்த்தால், நாயின் முன்னோரை எழுதித் தருகிற தாளுக்கும் கொடிவழிச் சான்று என்று பெயர் கிடைத்துவிடும்.

ஆனால் பெடிகிரி உள்ள நாய்க்கு நாம் வழக்கத்தில் வைத்திருக்கும் பெயர் 'ஜாதி நாய்'. பத்திரிகையில் எழுதினால் 'உயர் ரக நாய்'. இந்த இரண்டையும் விட்டுவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மனிதனைப் பிரித்து நாசமாக்கிய சொல்லை நாய் தலையிலும் கட்ட வேண்டாம் என்பது ஒரு காரணம். இன்னொன்று, அது தப்பான தகவல். கொடிவழிச் சான்றில் உயர்வு தாழ்வு எதுவும் எழுதியிருக்காது. அப்பா, அம்மா, அவற்றின் அப்பா அம்மா என்று பெயர்கள் இருக்கும், பதிவு எண்கள் இருக்கும். மூன்று தலைமுறை எழுதினால் 2, 4, 8 என்று மொத்தம் 14 பெயர், அவ்வளவுதான். நாய் நல்ல நாயா என்று அந்தத் தாள் சொல்லாது.

நம் நாட்டில் இந்தத் தாளைக் கொடுப்பது 1896இல் தொடங்கிய கென்னல் கிளப் ஆஃப் இந்தியா. அதன் தலைமை அலுவலகம் நம்ம சென்னையில்தான், அண்ணா நகரில். குட்டி விற்பவர்கள் 'கே.சி.ஐ. பேப்பர் இருக்கு சார்' என்பார்களே, அந்தப் பேப்பர் இதுதான்.

சரி, நல்ல நாயா என்று யார் சொல்வது? அதற்குத்தான் கண்காட்சி, அதாவது டாக் ஷோ. போட்டியில் இறங்க நாய் பதிவாகியிருக்க வேண்டும், ஆகவே கொடிவழி வாசல்வரை வேலை செய்கிறது. ரிங்குக்குள், அதாவது போட்டிக் களத்துக்குள் போன பிறகு அதற்குப் பேச்சே கிடையாது. தீர்ப்பு முடியும்வரை ஜட்ஜ் கேட்டலாக்கை, அதாவது போட்டி நாய்களின் விவரப் பட்டியலைப் புரட்டக் கூடாது என்று பல நாடுகளில் விதியே இருக்கிறது, யாருடைய நாய், எந்தச் சாம்பியனின் பிள்ளை என்பது அவருக்குத் தெரியக் கூடாது என்பதற்காக.

ஜட்ஜ் பக்கத்து நாயோடு ஒப்பிட்டு மார்க் போடுகிறார் என்றுதான் பார்க்க வருகிற பலரும் நினைக்கிறார்கள். அவர் அளவுகோல் வேறு. ஒவ்வோர் இனத்துக்கும் தலை எப்படி, முதுகு எப்படி, வால் எப்படி, நடை எப்படி என்று எழுதி வைத்த விவரம் ஒன்று உண்டு, பிரீட் ஸ்டாண்டர்ட் என்பார்கள், தமிழில் இன வரையறை என்று சொல்லலாம். எந்த நாய் அந்த வரையறைக்கு நெருக்கமாக நிற்கிறதோ அதற்குத்தான் முதலிடம். ஒரு லாப்ரடாரை அவர் பார்க்கும் விதத்தைக் கவனியுங்கள்: உதட்டை விலக்கி, மேல் பல் வரிசை கீழ் வரிசையை ஒட்டி, கத்தரிக்கோல் போல மூடுகிறதா என்று பார்ப்பார். பாக்ஸருக்கு இதே பல் அமைப்பு குறை, அதற்குக் கீழ்த்தாடை முன்னே நீண்டிருக்க வேண்டும். அப்புறம் தோளிலிருந்து இடுப்புவரை கையால் தடவி எலும்பும் தசையும் எப்படி அமைந்திருக்கின்றன என்று பார்ப்பார். ஆண் நாயாக இருந்தால் இரண்டு விதைகளும் இறங்கியிருக்கின்றனவா என்றும் தொட்டுப் பார்ப்பார், இது இனவிருத்திக்கான தேர்வு என்பதால். சின்ன நாய்களை மேசை மேல் ஏற்றிவிடுவார்கள். கடைசியில் நேராகவும் முக்கோணமாகவும் ஓடவிட்டு, முன்னிருந்தும் பின்னிருந்தும் பக்கவாட்டிலும் நடையைப் பார்ப்பார். நின்றால் அழகாக இருக்கிற நாய் ஓடும்போது மாட்டிக்கொள்ளும்.

பரிசுகள் படிப்படியாகப் போகும். குட்டி, ஜூனியர், ஓபன் என்று வகுப்புவாரியாக ஜெயித்தவை மோதி, இனத்தில் சிறந்தது வரும். அது தன் குழுவில் மற்ற இனங்களோடு நிற்கும், எஃப்.சி.ஐ. என்ற சர்வதேச நாய்ச் சங்கக் கூட்டமைப்பின் முறையில் 10 குழுக்கள், பிரிட்டனில் 7. குழு முதல்வர்களில் ஒன்றுக்கு பெஸ்ட் இன் ஷோ. நடுவில் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று தருகிற சேலஞ்ச் சர்டிபிகேட்தான் சாம்பியன் பட்டத்துக்கு வழி. பிரிட்டனில் வெவ்வேறு மூன்று ஜட்ஜுகளிடம் மூன்று வாங்க வேண்டும், அதில் ஒன்றாவது நாய்க்கு ஒரு வயது ஆன பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும். ஒரே ஆளுக்குப் பிடித்துப்போய் பட்டம் கிடைத்துவிடக் கூடாது என்ற இந்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

பட்டம் கிடைத்தால் நாயின் பெயருக்கு முன்னால் 'சி.எச்.' என்ற எழுத்துகள் சேரும், அதன் பிள்ளை, பேரப்பிள்ளைகளின் கொடிவழியிலும் அப்படியே ஏறும். தரம் பற்றி அந்தத் தாளில் ஏதாவது துப்பு கிடைக்கிறதென்றால் அந்த இரண்டு எழுத்தில்தான், அதுவும் முன்னோரின் தரம். தாள் இல்லாமலும் கொடிவழி உண்டு, அதையும் சொல்ல வேண்டும். ராஜபாளையம், சிப்பிப்பாறை வளர்க்கும் தென்மாவட்டத்துக்காரர்கள் எந்தத் தாயின் ஈற்று, எந்த வீட்டு ஆண் என்று வாய்வழியாகவே சொல்வார்கள். 2005இல் அஞ்சல்தலையில் ஏறிய நாய் ராஜபாளையம்.

குட்டி வாங்கப் போகிறவர்கள் இதை மட்டும் செய்யுங்கள்: குட்டியின் தோலுக்கு அடியில் வைத்திருக்கும் மைக்ரோசிப்பின் எண் தாளில் இருக்கும், 15 இலக்கம். விற்பவரைக் குட்டி மேல் ஸ்கேனர் வைத்துப் படிக்கச் சொல்லி, இரண்டு எண்ணும் ஒத்துப்போனால் பணத்தைக் கொடுங்கள்.