முதுகுத்தண்டு வேறு, தண்டுவடம் வேறு

‘விபத்தில் முதுகுத்தண்டு அறுந்து கால்கள் செயலிழந்தன’ என்று செய்திகளில் ஓயாமல் எழுதுகிறார்கள். முதுகுத்தண்டு எலும்புத் தொடர். எலும்பு முறியும், நொறுங்கும், விலகும், அறாது. அறுவது அதனுள் ஓடும் நரம்புக் கற்றை. அதற்குப் பெயர் தண்டுவடம்.

தேர் வடம் என்கிறோமே, அந்த வடம்தான்: பருத்த கயிறு. தண்டுக்குள் ஓடுவதால் தண்டுவடம். ‘ஸ்பைனல் கார்டு’ என்பதிலுள்ள கார்டும் கிரேக்கத்தில் குடலையும் குடலில் திரித்த தந்தியையும் குறித்த சொல்லின் வழி வந்ததே.

முள்ளெலும்பு முறிந்தும் தண்டுவடம் தப்பியவர் எழுந்து நடப்பார். எலும்பில் கீறலே இல்லாமல் தண்டுவடம் நசுங்கியவர் நடக்க முடியாமல் போகலாம். எலும்பு சில மாதங்களில் கூடிவிடும். அறுந்த தண்டுவட இழைகள் பெரும்பாலும் மீண்டும் இணைவதில்லை. இவ்விரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால், நோயாளியின் வீட்டார் எதை நம்பி முடிவெடுப்பார்கள்?

சிலர் ‘முதுகுநாண்’ என்கிறார்கள். இது இன்னும் பிழை. அது நோட்டோகார்டு என்னும், கருவில் தோன்றும் கோல் போன்ற உறுப்பின் பெயர். முதுகுநாணிகள் என்ற விலங்குத் தொகுதிக்கே அதனால்தான் அப்பெயர். முதுகுநாண் நரம்பே அன்று. கருவில் தோன்றி, வளர்ந்த மனிதரில் முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகளின் நடுக்கூழில் எச்சமாக மட்டும் நிற்பது. தண்டுவடமோ அதற்கு முதுகுப்புறமாக, நரம்புக் குழலிலிருந்து உருவாவது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் கருவியல் பாடத்தை எழுதவே முடியாது. இலங்கைப் பாடநூல்களின் ‘முண்ணாண்’ (முள் + நாண்) அப்படியல்ல. அங்கே எலும்புக்கு முள்ளந்தண்டு, நரம்புக்கு முண்ணாண் என்று கோடு தெளிவாக இருக்கிறது. தமிழ்நாட்டில் அச்சொல் பழகவில்லை என்பதால் மட்டுமே தண்டுவடம் என்கிறேன்.

சரியான சொல்லைத் தவறான இடத்தில் வைப்போரும் உண்டு. மூளைத் தண்டுவடத் திரவம் எடுக்கும் பரிசோதனையைத் ‘தண்டுவடத்தில் ஊசி குத்துதல்’ என்று மொழிபெயர்க்கிறார்கள். அதைப் படித்த நோயாளி வாதம் வந்துவிடுமென்று அஞ்சிக் கையெழுத்திட மறுக்கிறார். வளர்ந்தவருக்குத் தண்டுவடம் ஏறத்தாழ 45 செ.மீ. நீளம்தான், மூளையின் அடிப்பகுதியான முகுளத்தின் கீழே தொடங்கி, இடுப்பின் 1 அல்லது 2-ஆம் முள்ளெலும்பு மட்டத்தில் முடிந்துவிடும். அதற்குக் கீழே திரவத்தில் மிதப்பவை குதிரைவால் போன்ற நரம்பு வேர்கள். ஊசி இறங்குவது 3-க்கும் 4-க்கும், அல்லது 4-க்கும் 5-க்கும் இடையே. ‘தண்டுவடம் முடிந்த இடத்துக்குக் கீழே, இடுப்புப் பகுதியில் ஊசி போட்டு நீர் எடுத்தல்’ என்று எழுதுங்கள். நீளமானாலும் நடப்பது அதுதான்.