வெட்டிவேர் ஆணா, பெண்ணா?

டியோடரன்ட் வாங்கக் கடைக்குப் போனால் ஒரு காரியம் செய்து பாருங்கள். 'ஆண்களுக்கு' என்று எழுதிய கறுப்புப் புட்டியையும், அதே நிறுவனத்தின் 'பெண்களுக்கு' என்ற இளஞ்சிவப்புப் புட்டியையும் எடுத்து, பின்பக்கத்தில் பொடி எழுத்தில் உள்ள சேர்மானப் பட்டியலை ஒப்பிடுங்கள். வேலை செய்யும் பொருள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். வேறுபடுவது 'நறுமணம்' என்ற ஒரே சொல். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் ஆண்கள் ஓர் அடுக்கின் முன்னாலும் பெண்கள் இன்னோர் அடுக்கின் முன்னாலும் நிற்கிறோம்.

அக்குளுக்கு இந்தப் பிரிவினை தெரியாது. நம் உடலில் 20 முதல் 40 லட்சம் வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை எக்ரைன் வகையைச் சேர்ந்தவை. உப்பு நீரைச் சுரந்து உடலைக் குளிர்விப்பவை. அக்குளிலும் தொடை இடுக்கிலும் அபோக்ரைன் என்ற இன்னொரு வகை உண்டு. பருவ வயதில்தான் இது வேலையைத் தொடங்குகிறது. இதன் சுரப்பில் கொழுப்பும் புரதமும் கலந்திருக்கும். ஆனால் வெளியே வரும் கணத்தில் அதற்கும் வாடை கிடையாது என்றே சொல்லலாம். தோலில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதைச் சிதைக்கும்போதுதான் நெடி பிறக்கிறது. சில வகைகள் புளித்த நெடியுள்ள கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. ஸ்டெஃபிலோகாக்கஸ் ஹோமினிஸ் என்பது வெங்காய வாடை அடிக்கும் கந்தகச் சேர்மங்களை உண்டாக்குகிறது. அந்தப் பாக்டீரியாவில் இந்த வேலையைச் செய்யும் நொதி எது, எப்படிச் செய்கிறது என்பதை 2020இல் இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விளக்கினார்கள். இந்தக் கந்தகச் சேர்மங்கள் எள்ளின் முனையளவு போதும், பேருந்தில் பக்கத்தில் நிற்பவர் முகம் திருப்பிக்கொள்வார்.

சராசரியாக ஆண்களுக்கு வியர்வை அதிகம்; அக்குள் முடியைப் பலர் அப்படியே விடுவதால் சுரப்பு அங்கே தங்குகிறது. இவ்வளவு வேறுபாடு உண்மைதான். இதைவிடப் பெரிய வேறுபாட்டை ஒரு மரபணு உண்டாக்குகிறது. ஏபிசிசி11 என்ற அந்த மரபணுவில் ஓரெழுத்து மாறியிருந்தால் காதுக் குறும்பி ஈரமில்லாமல் உலர்ந்து உதிரும். அக்குள் வாடையும் மிகக் குறைந்துவிடும். கொரியா, சீனா, ஜப்பான் நாடுகளில் பெரும்பான்மையோர் இப்படிப்பட்டவர்கள், ஆண் பெண் இருபாலருமே. அதாவது உங்களுக்கு எவ்வளவு டியோடரன்ட் தேவை என்பதைப் புட்டியின் நிறத்தைவிட உங்கள் காதுக் குறும்பி சரியாகச் சொல்லும்.

நம் ஊரில் எல்லாவற்றையும் 'டியோ' என்று சொல்லிவிடுகிறோம். அது தவறான பொருளை வாங்க வைக்கிறது. டியோடரன்ட் வியர்வையை நிறுத்தாது. பாக்டீரியாவை அடக்கி, மேலே மணம் பூசுகிறது. ஆன்டிபெர்ஸ்பிரன்ட் வியர்வையையே குறைக்கிறது. அதிலுள்ள அலுமினிய உப்பு வியர்வையில் கரைந்து, சுரப்பிக் குழாயின் வாயில் கூழ்போல் உறைந்து அடைத்துக்கொள்கிறது. தோல் உதிர உதிர அந்த அடைப்பும் கழன்றுவிடும். இதை இரவில், உலர்ந்த அக்குளில் பூசுவதே சரி. வியர்த்த தோலில் காலையில் அவசரமாகப் பூசினால் அடைப்பு பிடிக்கும் முன்பே வழிந்துபோகும். மூன்றாவதாக, வெறும் மணம் மட்டுமே உள்ள ஸ்ப்ரேக்கள் இருக்கின்றன. அவை வியர்வையைத் தொடுவதே இல்லை.

முடிதிருத்தும் கடையில் சவரம் முடிந்ததும் கன்னத்தில் தேய்ப்பார்களே, அந்தப் படிகாரமும் ஓர் அலுமினிய உப்புதான். அதையே வழவழப்பான கல்லாகச் செதுக்கி 'இயற்கை டியோடரன்ட்' என்று விற்கிறார்கள். பாக்டீரியாவை அது அடக்கும் என்பது சரி. ஆனால் அலுமினியமே வேண்டாம் என்று அதை வாங்குகிறவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சரி, 'ஆண் வாசனை' எங்கிருந்து வந்தது? 1882இல் பாரிஸின் ஊபிகான் நிறுவனத்துக்காகப் பால் பார்க்கே என்பவர் 'ஃபூஜேர் ரொயால்' என்ற வாசனையைச் செய்தார். லாவெண்டர், ஓக் மரத்துப் பாசி, புதிதாக அறுத்த வைக்கோல்போல் மணக்கும் கூமரின் ஆகிய மூன்றும் சேர்ந்த அந்தக் கட்டுமானம், பின்னால் வந்த எண்ணற்ற ஆண்கள் வாசனைகளுக்கு எலும்புக்கூடாயிற்று. ஆண்மையின் மணம் என்று விற்கப்படுவதற்கு அடியில் இருப்பது லாவெண்டர் என்ற ஒரு பூ. ஓல்டு ஸ்பைஸ் 1937இல் முதலில் பெண்களுக்கான பொருளாகத்தான் சந்தைக்கு வந்தது. ஆண்களுக்கானது அடுத்த ஆண்டுதான் வந்தது. அமெரிக்காவில் ஆண்களுக்கென்று முதல் டியோடரன்ட் 1935இல் விற்பனைக்கு வந்தபோது அதை அடைத்திருந்த புட்டியின் நிறம் கறுப்பு. இன்றும் கடையில் நாம் பார்ப்பது அந்த வழக்கத்தின் தொடர்ச்சியைத்தான்.

எனக்கு மிகவும் நெருக்கமான சான்று வெட்டிவேர். நம் வீடுகளில் கோடைக்காலத்தில் மண்பானைத் தண்ணீரில் கிடக்கும் வேர் அது. எல்லோரும்தான் அந்தத் தண்ணீரைக் குடித்தோம். குளியல் பொடியில் அது உண்டு, கூந்தல் எண்ணெயில் உண்டு, சன்னலில் தொங்கும் தட்டியிலும் உண்டு. தமிழிலிருந்து பெயரையும் எடுத்துக்கொண்டு பிரான்சுக்குப் போன அந்த வேரை, 1957இல் கார்வன் நிறுவனமும் அடுத்த சில ஆண்டுகளில் ஜிவான்ஷியும் கெர்லானும் ஆண்களுக்கான வாசனையாகப் புட்டியில் அடைத்தன. வேரின் வேதியியல் அப்படியேதான் இருந்தது, கடல் தாண்டியதும் ஆண்பால் மட்டும் ஒட்டிக்கொண்டது.

ஆகவே வாங்கும்போது முதலில் பின்பக்கத்தைப் படியுங்கள். சட்டை நனைவதுதான் தொல்லை என்றால் பட்டியலில் அலுமினியம் இருக்க வேண்டும். வாடை மட்டும்தான் தொல்லை என்றால் சாதாரண டியோடரன்ட் போதும். அக்குளைச் சவரம் செய்த கையோடு ஆல்கஹால் கலந்த ஸ்ப்ரேயை அடிக்காதீர்கள், எரியும்.

மணத்தை இரண்டாவதாகப் பாருங்கள். எந்த அடுக்கில் இருந்தாலும் பாருங்கள். ஆனால் மூடியைத் திறந்து முகர்ந்ததும் முடிவெடுத்துவிட வேண்டாம். எலுமிச்சையின் லிமோனீன் போன்ற எடை குறைந்த மூலக்கூறுகள் முந்திக்கொண்டு ஆவியாகும். கடையில் நம்மை மயக்குவது அவைதான். சந்தனம், வெட்டிவேர் போன்றவற்றின் கனமான மூலக்கூறுகள் மெதுவாகக் கிளம்பும். நாலைந்து புட்டிகளுக்கு மேல் முகர்ந்தால் மூக்கும் மரத்துப்போகும். மணிக்கட்டில் ஒன்றை மட்டும் பூசிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள். மாலையில் கையில் மிஞ்சியிருக்கும் மணம் பிடித்திருந்தால் மறுநாள் வந்து வாங்கலாம்.